ரொட்டிக்காரர் வண்டியில் காற்று

அந்தப் பக்கத்தில் அவருடைய நிஜப் பெயரைச் சொல்லி விசாரித்தால் நாலு தெரு சுற்றிவிட்டு வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். ‘மறுபடி’ என்று கேட்டால் யாரானாலும் கடையைக் காட்டிவிடுவார்கள். மோட்டார் சைக்கிள் மெக்கானிக். ஒரு வேலையை ஒரே தடவையில் முடித்ததாக அவருடைய முப்பது வருஷத் தொழிலில் சரித்திரமே கிடையாது. போல்ட்டை முறுக்குவார், கையைத் துடைப்பார், ஒரு வாய் தண்ணீர் குடிப்பார், பிறகு “மறுபடியும்” என்று சொல்லி அதே போல்ட்டில் ஸ்பேனரை வைப்பார். அவசரக்காரர்கள் வாயில் வந்தபடி திட்டிக்கொண்டு நிற்பார்கள். அடுத்த தடவையும் அவர்களே வந்து நிற்பார்கள், ஏனென்றால் அவர் கை பட்ட பிரேக் யாரையும் கைவிட்டதில்லை. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது நமக்கெல்லாம் பழமொழி. அவருக்கு அது பிழைப்பு.

கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வீட்டின் முன்னறைதான் கடை. ஷட்டரைத் தூக்கினால் தெரு, பின்கதவைத் தள்ளினால் அடுப்படி. சுவரில் ஸ்பேனர்களை அளவு வாரியாக ஆணியில் தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் பின்னாலும் அதன் உருவத்தைப் பெயின்ட்டால் வரைந்துவைத்திருந்தார். ஒன்று காணாமல் போனால் வெறும் உருவம் காட்டிக்கொடுத்துவிடும். உட்கார ஒரே ஒரு முக்காலி. அதில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அது அவருடைய மனைவிக்கு.

அவள் கடைக்குள் வந்ததே ஒரு சண்டையில்தான். முன்சக்கரப் பிரேக்குக்குள் ஓடுவது எண்ணெய். மேலே லீவரை அமுக்கினால் அந்த எண்ணெய் ஹோஸ் என்கிற ரப்பர் குழாய் வழியாகக் கீழே போய்ச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். அதற்குள் கடுகளவு காற்று புகுந்துவிட்டால் போதும், தலையணையை அமுக்குகிற மாதிரி லீவர் உள்ளே போகும், வண்டி நிற்காது. அந்தக் காற்றை வெளியேற்றுவதைத்தான் ஏர் எடுப்பது என்பார்கள். இரண்டு ஆள் வேலை. ஒருவர் மேலே லீவரை அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் கீழே நிப்பிள் என்கிற சின்னத் திருகைக் கால் சுற்று திறந்து, குமிழி போனதும் மூட வேண்டும். மூடுகிற வரைக்கும் மேலே இருப்பவர் பிடியை விடக் கூடாது. விட்டால் போன காற்று உறவினரையும் கூட்டிக்கொண்டு உள்ளே திரும்பி வந்துவிடும்.

கல்யாணமான புதிதில் லீவரைப் பிடிக்க வண்டிக்காரர்களையே நிறுத்திப் பார்த்தார். ஒருவர் தும்மினார், கை விட்டது. இன்னொருவர் தெருவில் போன தெரிந்தவருக்குக் கையாட்டினார், விட்டது. மூன்றாமவரோடு வாய்த் தகராறு முற்றித் தெருவே கூடிவிட்டது. சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவள், எல்லாரையும் தள்ளச் சொல்லிவிட்டுத் தானே பிடித்தாள். அன்று பிடித்ததுதான், இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது.

“பிடி” என்பார் அவர், கீழே உட்கார்ந்தபடி. “பிடிச்சிருக்கேன்” என்பாள். அதைக் கேட்காமல் அவர் நிப்பிளில் கை வைக்கமாட்டார். அவர் “விடு” என்று சொல்லாமல், வீடே பற்றி எரிந்தாலும் அவள் விரல் அசையாது. ஒரு வண்டிக்கு இருபது தடவை இந்தப் பேச்சு நடக்கும். பிள்ளைகள் இல்லாத வீடு. பக்கத்துக் கடைத் தையல்காரர், வேறு வீடுகளில் புருஷனும் பெண்டாட்டியும் வருஷத்தில் பேசுவதை இவர்கள் ஒரே வண்டியில் பேசித் தீர்த்துவிடுகிறார்கள் என்று கேலி செய்வார். கடைசித் தீர்ப்பும் அவளுடையதுதான். லீவரை ஒரு தடவை அமுக்கிப் பார்த்து, “கல்லு மாதிரி இருக்கு, போகலாம்” என்று அவள் சொன்னால்தான் சாவி வண்டிக்காரர் கைக்குப் போகும்.

ஒரு திங்கட்கிழமை ரொட்டிக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். விடிவதற்குள் நாற்பது கடைகளுக்கு ரொட்டி போடுகிற மனிதர். வண்டிக்கு இருபத்தாறு வயசு. அதற்கு நல்ல நாளிலேயே உடம்பு சரியிருக்காது. பிரேக் ஹோஸ் வெயிலில் காய்ந்து வெடித்து எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. அவர் தினமும் வருகிற இந்தத் தெரு நேராகச் சரிந்து இறங்கி ஒரு பள்ளிக்கூட வாசலில் முடியும். வேறு எந்தப் பிரேக் போனாலும் போகலாம், இந்தப் பிரேக் போகக் கூடாது என்று அவர் சொன்னதை ‘மறுபடி’ தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

பழைய ஹோஸைக் கழற்றிப் புதியது போட்டார். இரண்டு முனைகளிலும் புதுச் செம்பு வாஷர். எண்ணெய் ஊற்றி, நிப்பிளில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைப் பாட்டிலில் விட்டு, “பிடி” என்றார். “பிடிச்சிருக்கேன்” என்றாள். குமிழி வந்தது. வரத்தான் செய்யும். பத்து தடவையில் குறையும், இருபதில் நிற்கும். அன்று அறுபதுக்குப் பிறகும் வந்துகொண்டிருந்தது.

வாஷரைச் சந்தேகப்பட்டார், மாற்றினார். நிப்பிளின் மரையைச் சந்தேகப்பட்டார், வேறு போட்டார். செவ்வாய்க்கிழமை கீழே சக்கரத்தைக் கவ்வுகிற காலிப்பரைப் பிரித்து உள்ளிருந்த ரப்பர் சீல்களையெல்லாம் புதிதாக்கினார். பிறகு மேலே இருக்கிற மாஸ்டர் சிலிண்டரையே தூக்கிப் போட்டுவிட்டு, ஸ்பேர் கடைக்காரரோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டிப் புதிது வாங்கிவந்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கு ஆடவும் தெரியும், கூடமும் கோணலில்லை. கோணல் எங்கே இருந்ததோ அந்தப் பக்கம் மட்டும் அவர் கண் போகவில்லை. அது முக்காலியில் உட்கார்ந்து “பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்” என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

செவ்வாய் சாயங்காலம் அலுத்துப்போய், மெக்கானிக்குகள் கடைசியாகச் செய்வதைச் செய்தார். பழைய டியூபிலிருந்து ஒரு ரப்பர் பட்டையைக் கிழித்து, லீவரை அமுக்கி ஹேண்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் படுக்கப் போனார். அப்படிக் கட்டி வைத்தால் காற்று தானாகவே மேலே ஏறிப் போய்விடும். காலையில் பட்டையை அவிழ்த்து அமுக்கினார். கல். இரண்டு நாளாக இல்லாத சிரிப்பு அவர் முகத்தில் வந்தது.

ஏழு மணிக்கு ரொட்டிக்காரர் வந்தார். அமுக்கிப் பார்த்து, போதும் அண்ணே, சாவியைக் கொடுங்கள் என்றார். முக்காலியிலிருந்து அவளும், வழக்கத்துக்கு மாறாக அவர் கேட்பதற்கு முன்பே, “போகலாங்க. குடுத்துருங்க” என்றாள். வேறு எந்த மெக்கானிக்காக இருந்தாலும் கொடுத்திருப்பான். வண்டி சரியாகிவிட்டது, சத்தியமாகச் சரியாகிவிட்டது. ஆனால் இவர் பெயர் மறுபடி அல்லவா.

“மறுபடியும்,” என்றார். “அஞ்சே அஞ்சு தடவை. மனசுக்கு.”

அவள் எழுந்து வந்து லீவரில் கை வைத்தாள். முதல் தடவை ஒன்றுமில்லை. இரண்டாவது தடவையும் சுத்தமான எண்ணெய். மூன்றாவது தடவை நிப்பிளைத் திறந்து வைத்திருக்கும்போதே, குழாயில் கீழே இறங்க வேண்டிய எண்ணெய் மேலே ஏறியது. நிப்பிள் மரையைச் சுற்றிக் காற்று உள்ளே இழுபடுகிற மெல்லிய சத்தம் அவர் காதில் விழுந்தது. இரண்டு நாள் எரிச்சலும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

“சொல்றதுக்கு முன்னாடி எதுக்கு விடற?” என்று கத்தினார். இருபத்திரண்டு வருஷத்தில் அவளை அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“நான் விடல,” என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவளுடைய வலது கை லீவரில் இருந்தது. இடது கை அதன் மேல் ஏறி, விரல்களை மூடி அழுத்திக்கொண்டிருந்தது. அப்படியும் அந்த நாலு விரல்களும் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. அவள் அவற்றை யாரோ ஒருவருடைய விரல்களைப் பார்ப்பது போலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் விடலங்க. அதுவா விடுது.”

அவர் முதலில் நிப்பிளை மூடினார். அத்தனை வருஷப் பழக்கம். ரொட்டிக்காரர் ஒன்றும் கேட்காமல், நாளைக்கு வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல், தெருவில் இறங்கி நடந்துவிட்டார்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் முக்காலியில், அவர் தரையில். அவள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். நாலு மாதத்துக்கு முன்பே அக்காவோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்திருந்தாள். தசைகளுக்குப் போகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றனவாம். ஏன் என்று தெரியாதாம். போனதைத் திருப்புகிற மருந்து இல்லையாம். முதலில் கை, அப்புறம் கால், அப்புறம் நாக்கு, கடைசியில் மூச்சு. இரண்டு வருஷம் என்றார்களாம், மூன்றும் ஆகலாம் என்றார்களாம். உணர்ச்சி மட்டும் கடைசிவரை அப்படியே இருக்குமாம். அதையும் ஒரு நல்ல செய்தி மாதிரிதான் டாக்டர் சொன்னார் என்றாள்.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஞாபகம் மட்டும் ஓடியது. டப்பா மூடியைத் திறக்கச் சொல்லி அவரிடம் நீட்டியது. போன மாதம் யாரோ ஒருவருடைய பெட்ரோல் டேங்கில் பிரேக் எண்ணெயைச் சிந்திப் பெயின்ட் உரிந்துபோனது. அன்றைக்குத் தூக்கக் கலக்கம் என்றாள், அவரும் நம்பினார். சாப்பிட ஸ்பூன் எடுக்க ஆரம்பித்தது. நீளமாகப் பின்னித் தொங்கவிடுகிற தலைமுடியை ஒரு கிளிப்பில் மாட்டிக்கொண்டு திரிந்தது. எல்லாம் கண் எதிரேதான் நடந்தது. ஒரு வாஷரில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிற கண்.

கை விடுவது இரண்டு நாளாகத் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். இன்றைக்காவது பிடித்துவிடும், இந்தத் தடவையாவது பிடித்துவிடும் என்று நினைத்தாளாம். அதற்கு முன் இரண்டு கையாலும் பிடித்துச் சமாளித்திருக்கிறாள். நாலு மாதமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்குத்தான் அவள் சிரித்தாள்.

“சொன்னா என்னையும் கழட்டிப் போட்டு மறுபடி மறுபடி பாப்பீங்க. அதான் சொல்லல.”

அவருக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தவர் அழுதுவிட்டார்.

அன்று மதியமே இன்னொரு பயம் வந்து பிடித்துக்கொண்டது. அந்த நாலு மாதத்தில் அவள் பிடித்து அனுப்பிய வண்டிகள் எத்தனை? எழுந்து புறப்பட்டார். ஞாபகத்தில் இருந்த பதினோரு வீட்டுக்கும் நடந்தே போய், காரணம் சொல்லாமல், ஒவ்வொரு வண்டியின் லீவரையும் அமுக்கிப் பார்த்தார். ஒருவர் வண்டியை அலுவலகத்துக்கு எடுத்துப் போயிருந்தார். அவர் திரும்பி வரும்வரை வாசலிலேயே நின்றார். பதினொன்றும் கல். சரியில்லாத எதற்கும் அவள் “போகலாம்” என்று சொன்னதில்லை. அதை நினைத்துச் சந்தோஷப்படுவதா துக்கப்படுவதா என்று தெரியாமல் வீடு வந்து சேர்ந்தார்.

பிறகு அவள் சொன்னபடியேதான் நடந்தது. அவர் கழற்றிப் பார்க்கத் தொடங்கினார். அதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், “மறுபடியும் ஒரு தடவை பாத்துருங்க டாக்டர்” என்றார். பார்த்தார்கள். கையிலும் காலிலும் ஊசியைச் செருகி, தசையை இறுக்கச் சொல்லித் திரையில் கோடுகளைப் பார்க்கிற சோதனை. பழைய பதில்தான். வேறு ஊரில் இன்னொரு டாக்டர் கெட்டிக்காரர் என்றார்கள். அங்கேயும் அந்த ஊசி, அந்தக் கோடுகள், அந்தப் பதில். அந்த டாக்டர் இளையவர், நல்ல மனுஷர். இவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். எதையாவது மாற்ற முடியுமா என்று இவர் மூன்று விதமாகக் கேட்டார். மூன்றுக்கும் டாக்டர் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினார். மூன்றாவதாக ஓர் இடம் இருக்கிறது என்று பஸ்ஸில் திரும்பும்போது மறுபடி ஆரம்பித்தார்.

“வேண்டாங்க,” என்றாள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி. “அந்த ஊசி ரொம்ப வலிக்குது.”

முப்பது வருஷம் அடி மேல் அடி வைத்த ஆள். இந்த அம்மி நகராது என்று அந்தப் பஸ்ஸில்தான் அவருக்குப் புரிந்தது. புரிந்ததால் ஒரு நிம்மதியும் வந்துவிடவில்லை. இறங்க வேண்டிய இடத்தையும் தாண்டிப்போய், இரண்டு பேரும் மெதுவாகத் திரும்பி நடந்துவந்தார்கள். அவள் வலது காலை லேசாக இழுத்து நடப்பதை அன்றுதான் பார்த்தார்.

ஆஸ்பத்திரி அலைச்சலில் போன இத்தனை வாரமும் ரொட்டிக்காரர் ஒரு பழைய சைக்கிளில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட வந்து கேட்கவில்லை. அது மறுபடிக்கு உறுத்தியது. மறுநாள் காலை ஷட்டரை முழுவதும் தூக்கி, வண்டியை நடுவில் நிறுத்தினார். அவள் முக்காலியில் வந்து உட்கார்ந்தாள். லீவரை அவரே அமுக்கி, ரப்பர் பட்டையால் கட்டி, கீழே குனிந்து நிப்பிளைத் திறந்து மூடி, எழுந்து பட்டையை அவிழ்த்து, மறுபடி அமுக்கி, மறுபடி கட்டினார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை எழுந்து உட்கார வேண்டியிருந்தது. முழங்கால் முனகியது. கடையில் பேச்சே இல்லை. பக்கத்துக் கடைத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார், பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பத்தாவது தடவை, பட்டையைக் கட்டிவிட்டுக் கீழே உட்கார்ந்தவர், பழக்க தோஷத்தில் “பிடி” என்றுவிட்டார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நிப்பிளில் வைத்த ஸ்பேனரைத் திருப்ப முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“பிடிச்சிருக்கேன்,” என்றாள் முக்காலியிலிருந்து. அவள் கைகள் மடியில் கிடந்தன.

அவர் திறந்து மூடினார்.

ரொட்டிக்காரர் வந்ததும் அவள் லீவரை அமுக்கிப் பார்க்க எழுந்தாள். விரல்களை இடது கையால் எடுத்து ஒவ்வொன்றாக லீவரின் மேல் வைத்தாள். அமுக்கத்தான் முடியவில்லை. தனக்குத் தெரியவில்லை, அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்றாள். அவர் அமுக்கினார். கல்தான். ஆனால் “போகலாம்” என்கிற வார்த்தையை அவர் ஆயுசில் சொன்னதில்லை. அது அவளுடைய வார்த்தை. சாவியை மட்டும் எடுத்து ரொட்டிக்காரர் கையில் வைத்தார். ரொட்டிக்காரர் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு வண்டியை உதைத்துக் கிளப்பினார். சரிவில் இறங்கிய வண்டி பள்ளிக்கூட வாசலுக்கு முன்னால் பின்விளக்கு சிவந்து, நின்று, திரும்பிப் போனது.

“நின்னுச்சா?” என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

“நின்னுச்சு.”

கிளிப் கழன்று முடி அவள் முகத்தில் விழுந்து கிடந்தது. கை அவ்வளவு உயரத்துக்கு எழும்பவில்லை. அவர் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். பிரேக் எண்ணெய் வாடை போகவில்லை, இன்னொரு தடவை கழுவினார். சீப்பை எடுத்துக்கொண்டு முக்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த முடியில் அவர் சீப்பு வைத்ததில்லை. மூன்றாகப் பிரித்து மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்பது வரை தெரியும். போட்டார். பாதியிலேயே பிரிந்து விழுந்தது.

“மறுபடியும்,” என்றாள் அவள். ஒரு வாரமாக அவள் பேச்சில் கொஞ்சம் குழறல் சேர்ந்திருந்தது.

இரண்டாவது தடவை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது. “மறுபடியும்,” என்றாள். அவர் சிரித்தார், அவளும் தோள் குலுங்கச் சிரித்தாள்.

மூன்றாவது தடவை நிதானமாகப் பின்னினார். நுனியில் ரப்பர் வளையத்தை மாட்டிவிட்டுப் பார்த்தார். நடுவில் தளர்ந்து, இடது காதுக்குப் பக்கத்தில் ஒரு கொத்து முடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. தலை முன்பக்கம் சாய்ந்து வந்தது, கழுத்துக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அவர் உள்ளங்கையால் நெற்றியை ஏந்திப் பிடித்துக்கொண்டார். பின்னல் சரியில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, அவளைத் தாங்கி எழுப்பி உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.